மூன்றாவது பாதைக்குக் கை காட்டியவள்

"ஏம்மா, உனக்கு வாய்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?" என்று ஒருமுறை ஒரு பஸ் கண்டக்டர் என்னைக் கேட்டார். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ். எங்கே போகிறேன் என்று சொல்லாமல் ரூபாயை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த அக்காதான் பதில் சொன்னாள். "அதுக்கு வாய் இருக்குதுங்க, உங்களுக்குத்தான் காது இல்ல. கடலூர் ரெண்டுன்னு ஏறும்போதே சொன்னேன்." கண்டக்டர் சிரித்துக்கொண்டே இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

எனக்கும் அக்காவுக்கும் இருந்த ஏற்பாடு அதுதான். எனக்கு வேண்டியதை அவள் பேசுவாள். தையல்காரரிடம் கை இறுக்கமாக இருக்கிறது என்று சொல்வது, மருந்துக்கடையில் வயிற்றுவலிக்குக் கேட்பது, வீட்டுக்கு வருகிறவர்கள் 'என்னா படிக்கிற' என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றுவது எல்லாம் அவள் வேலை. பதினொன்றாம் வகுப்பில் ஒரு பாடத்தை எழுந்து நின்று நானே நடத்த வேண்டும் என்றார்கள். அக்காவை அழைத்து வரலாமா என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்பதற்கும் அக்கா வேண்டியிருந்தது. மறுநாள் முதல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது தெரிந்தால்தான் நான் செய்ததில் இருக்கும் நியாயம் உங்களுக்குப் புரியும்.

அக்காவின் பெயர் சத்யப்பிரியா. கடலூரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். அவளுக்கு வரன் பார்த்துக் கொண்டிருந்தார்கள். வந்த இடம் எதுவும் நிலைக்கவில்லை. நல்ல நிறம், நல்ல வேலை, ஜாதகமும் சுத்தம். ஆனாலும் முதலில் ஆசையாகப் பேசுகிறவர்கள் பிறகு போனை எடுப்பதில்லை. எங்கள் அம்மா தங்கம்மாள் செவ்வாய்க்கிழமை தோறும் ராகு காலத்தில் அக்காவை எலுமிச்சம்பழ விளக்கு போட வைத்தாள். பழத்தைப் பிழிந்து மூடியைக் கவிழ்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் உடம்புச் சூடே வரவில்லை. அவ்வளவு சாறு.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் முதலில் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு குடும்பமும் எதேச்சையாக வந்தது போல வர வேண்டும். ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பிடித்திருந்தால் தரகர் போன் செய்வார். பிடிக்கவில்லை என்றால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. மரியாதையான முறைதான். ஆனால் சிதம்பரம் கோயிலில் எங்களுக்குத் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள். போன தடவை எங்கள் தெருக்காரம்மா ஒருவர் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையின் அம்மாவிடமே, "பொண்ணு தங்கமான பொண்ணுங்க, இதோட எத்தினி எடம் வந்து போச்சு, பாவம்" என்று பரிந்து பேசினார்.

அதனால் தரகர் வைத்திலிங்கம் இந்த முறை வேறு இடம் சொன்னார். கடலூரைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு அந்தப் பக்கம் ஒரு செம்மண் பூங்கா. மழைத் தண்ணீர் வருஷக்கணக்காக அரித்து அரித்து மண்ணைப் பள்ளமும் மேடும் தூணும் சுவருமாக வெட்டி வைத்திருக்கிறது. உள்ளே போனால் இரண்டு ஆள் உயரத்துக்குச் சிவப்புச் சுவர்கள். ஒரு வளைவு இன்னொரு வளைவைப் போலவே இருக்கும். அதற்கு வேலி போட்டு, நடப்பதற்குப் பாதை பிரித்து, காவலுக்கு ஓர் ஆளையும் வைத்திருந்தார்கள்.

"மாப்ளை பயோடேட்டாவுல பொழுதுபோக்கு மலையேற்றம்னு போட்டுருக்காரு," என்றார் தரகர். "அவுரு மனசுக்குப் புடிச்ச எடமா இருக்கட்டும்."

"நம்ம ஜில்லாவுல ஏர்றதுக்கு மலை எங்கங்க இருக்குது? எறங்கறதுக்குப் பள்ளந்தான் இருக்குது," என்றார் கண்ணாயிரம் மாமா. அம்மாவின் தம்பி. எங்களை வேனில் அழைத்துப் போனவர் அவர்தான்.

மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன், காட்டுமன்னார்கோயில். போட்டோவில் தாடியும் கூலிங் கிளாஸுமாக ஓர் அருவிக்குப் பக்கத்தில் நின்றார். அருவி தெளிவாக இருந்தது. அவருக்குப் பெங்களூரில் வேலை. கல்யாணமானால் அக்காவும் பெங்களூர் போய்விடுவாள் என்று எல்லோரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கா வாசலில் இறங்கினோம். தரகர் கூட வந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று மெயின் ரோட்டு டீக்கடையிலேயே இருந்துவிட்டார். அங்கிருந்து அப்பாவின் போனுக்குச் செய்தி அனுப்பினார். அப்பா ராமாமிர்தத்துக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. போனை என்னிடம் நீட்டினார். அப்பாவிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் குரல் வரும்.

செய்தியில் இப்படி இருந்தது: 'மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை. அம்மா மாம்பழக் கலர் பட்டு. பார்த்தால் சிரிக்க வேண்டாம். உள்ளே டவர் கிடைக்காது.'

அப்போது ஒரு காரிலிருந்து நீலச் சட்டை போட்ட ஒருவரும், பாசிப்பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மாவும் இறங்கினார்கள்.

"மாப்ளை நீலச் சட்டை," என்று படித்தேன். "அம்மா பச்சைப் புடவை."

பிறகு செய்தியை அழித்துவிட்டுப் போனை அப்பாவின் சட்டைப்பையில் வைத்தேன். நான் பேசுவதே அபூர்வம் என்பதால் நான் சொன்னதை யாரும் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. அதை நான் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்ல முடியாது. பயன்படுத்தினேன், அவ்வளவுதான்.

"போட்டோவுல தாடி இருந்துச்சே," என்றார் மாமா.

"பொண்ணு பாக்க வரும்போது எடுத்துருப்பாருடா," என்றாள் அம்மா. "எடுத்ததும் நல்லாத்தான் இருக்குது."

அவர்கள் நடந்தார்கள். நாங்கள் பின்னாலேயே நடந்தோம். அவர்கள் நின்றால் நின்றோம். அந்த அம்மா ஒரு மண் தூணைப் பார்த்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் அதே தூணைப் பார்த்தார்கள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயலில் நாற்று பார்க்கிறவர் போல அந்தப் பையனின் நடையைப் பார்த்துக்கொண்டே போனார்.

நான் பின்தங்கிவிட்டேன். செருப்பு வார் தளர்ந்திருந்தது. அது உண்மை. பாதைகள் மூன்றாகப் பிரிகிற இடத்தில் உட்கார்ந்து வாரை மாட்டினேன். முதல் பாதை பார்வை மேடைக்கு. இரண்டாவது ஓடைக்கு. மூன்றாவது, போன மழையில் இடிந்து போன பாதை. அதற்குக் குறுக்கே ஒரு கயிறு தொங்கியது. பார்வை மேடைக்கு அம்புக்குறி போட்ட பலகை ஒரே ஆணியில் நின்றது. காற்றடித்தால்கூடத் திரும்பியிருக்கும். காற்று இல்லை. அதனால் நான் திருப்பினேன். கயிற்றையும் சுருட்டி ஒரு முந்திரி மரத்தடியில் வைத்தேன். தொலைந்து போய்விடக் கூடாதல்லவா.

கொஞ்ச நேரத்தில் மாம்பழக் கலர் பட்டு வந்தது. அந்த அம்மாவின் பெயர் மங்கலம் என்று எனக்கு முன்பே தெரியும். கூட வந்த வெள்ளைச் சட்டைக்காரருக்குத் தாடி இருந்தது. கறுப்பு ஷூ பளபளவென்று இருந்தது. மலையேற்றம் என்பது பெங்களூரில் வேறு மாதிரி இருக்கும் போலிருக்கிறது.

"ஏம்மா, நீங்க சிதம்பரமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது அவர் எடுத்துக்கொள்வதைப் பொறுத்தது.

"பச்சை சுடிதாரு போட்ட பொண்ணு, கூட நாலு பேரு, இப்புடி யாராவது போனாங்களா?"

மூன்றாவது பாதையைக் கையால் காட்டினேன். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதனால் பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"பலகையும் அப்பிடித்தாம்மா காட்டுது," என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். வளைவில் அந்த அம்மாவின் பட்டு கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் சுவர்தான் தெரிந்தது.

நான் ஓடிப்போய் எங்கள் வீட்டாரோடு சேர்ந்துகொண்டேன். அதற்குள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டிருந்தது. பார்வை மேடையில் ஏறி எல்லோரும் தூரத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பச்சைப் புடவைக்காரம்மா திரும்பி, "நீங்களும் இந்தப் பக்கமாத்தான் வரீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"ஆமாங்க. எதேச்சையா," என்றாள் அம்மா. அந்த வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தி, கண்ணையும் சிமிட்டினாள்.

"நாங்களும் எதேச்சையாத்தான். சக்கரை ஜாஸ்தியா இருக்குது, நடங்கன்னு டாக்டரு சொன்னாரு."

அம்மா எங்கள் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள். "என்னா அழகா சமாளிக்கிறாங்க பாரு."

"சக்கரை இருக்குதுன்னு தரகர் சொல்லவே இல்லியே," என்றார் அப்பா.

"இப்ப யாருக்குத்தான் மாமா இல்ல," என்றார் கண்ணாயிரம் மாமா. "அக்கா, ரொம்பப் பாக்காத. பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"பாக்காம எப்புடிடா பாக்கறது? அவுங்கம்மாவ கையப் புடிச்சு ஏத்துறாரு பாரு. நாளைக்கு நம்ம பொண்ணையும் இப்புடித்தான் ஏத்துவாரு."

மெச்சுவதில் அப்பா அம்மாவையும் மிஞ்சிவிட்டார். பையன் சாப்பிட்ட பிஸ்கட் காகிதத்தைக் கீழே போடாமல் பையில் வைத்ததைப் பார்த்து, "குடும்பத்துக்கு ஆவுற பையன்" என்று முடிவு சொன்னார். அந்த அம்மாவின் காலில் முள் ஏறியபோது எங்கள் அம்மாவே உட்கார்ந்து, தன் ஊக்கால் முள்ளை எடுத்துவிட்டாள். சம்பந்தியின் காலைத் தொடுவது ஒன்றும் தப்பில்லை என்றாள்.

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று அப்போதுதான் ஆரம்பித்தது. அக்காவும் அந்தப் பையனும் கொஞ்சம் முன்னால் நடந்தார்கள். நான் பின்னால். சுவர்கள் சத்தத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கும்.

"ஏங்க, உங்க வீட்ல எல்லாரும் ஏன் என்னையே பாக்கறாங்க?"

"நடிக்காதீங்க. ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்சதுதானே."

"என்னா தெரிஞ்சது? மூஞ்சில எதாவது ஒட்டிக்கினு இருக்குதா?"

"மண்ணு ஒட்டியிருக்குது. இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம்."

அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அது ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன.

மத்தியானம் ஒரு முந்திரி மரத்தடியில் இரண்டு குடும்பமும் எதேச்சையாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தது. எங்கள் புளிசாதம் அந்தப் பக்கம் போனது. அவர்களுடைய வறுத்த சங்கரா மீன் இந்தப் பக்கம் வந்தது. அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டு, மசாலா பிரமாதம் என்றாள். அக்கா கை கழுவ மேட்டோரம் போனவள் கூழாங்கல்லில் கால் வைத்துச் சறுக்கினாள். அந்தப் பையன் பாய்ந்து கையைப் பிடித்தான்.

"ஏசப்பா. சார்லஸ், பாத்துடா," என்று அந்த அம்மா கத்தினார்.

அப்பாவின் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது.

"செந்தமிழ்செல்வன்தானே?" என்றாள் அம்மா மெதுவாக.

"யாருங்க அது? இவன் சார்லஸு. என் பேரு ஜான்சி. நாங்க கடலூரு."

"கூப்புடுற பேரா இருக்கும் மாமா," என்றார் கண்ணாயிரம் மாமா. "சர்டிபிகேட்டு பேரக் கேளுங்க."

"அதுவும் சார்லஸ்தாங்க," என்றார் சார்லஸ். அவர் இன்னும் அக்காவின் கையை விடவில்லை. அக்காவும் ஞாபகப்படுத்தவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் எப்போதும் தரையைத்தான் பார்ப்பேன் என்பதால் அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. "கண்ணாடி இல்லாம வந்தது எந் தப்பு. அந்த வைத்திலிங்கம் என்னா எழவ அனுப்புனானோ," என்றார்.

அடுத்த கேள்வி, அப்படியானால் செந்தமிழ்செல்வன் எங்கே என்பது. மத்தியானம் முழுக்க மேடையிலும் ஓடையிலும் தேடியும் அவர்கள் கிடைக்கவில்லை. சாயங்காலம் காவலாள் பூங்காவை மூட விசில் ஊதியபோது தரகர் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் காலையிலேயே உள்ளே போய்விட்டார்களாம். காவலாளும் மாமாவும் சார்லஸும் தேடிக்கொண்டு போனார்கள். வெயில் இறங்கி, சுவர்கள் எல்லாம் ரத்தச் சிவப்பாகத் தெரிகிற நேரத்தில் வெளியே வந்தார்கள். செந்தமிழ்செல்வனின் சட்டை எந்தக் கலர் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒரு காலில்தான் ஷூ இருந்தது. அவருடைய அம்மா இரண்டு முந்திரிக் கொம்புகளை ஊன்றிக்கொண்டு வந்தார். முட்டி வீங்கியிருந்தது. இடிந்த பாதையில் ஓர் இடம் கிணறு மாதிரி இறங்கியிருந்ததாம். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் என்று காவலாள் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். நானும் அதை முடித்துப் பார்க்கவில்லை.

"நாங்க பொண்ணு பாக்க வந்தோமா, இங்கியே பொதைஞ்சு போவ வந்தோமா?" என்றார் மங்கலம். பிறகு என்னைப் பார்த்துவிட்டார். "இதோ. இந்தப் பொண்ணுதான் வழி காட்டுச்சு."

"எங்க மலரா?" என்றாள் அம்மா. "அது பேசவே பேசாதுங்க."

"பேசல. கை காட்டுச்சு."

"அது கடைக்காரங்கிட்ட சோப்பக் காட்டவே கைய நீட்டாதும்மா," என்றார் மாமா. "அசதியில ஆளு மாத்தி சொல்றீங்க."

அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றாள். "எந் தங்கச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க. அது வாயில்லாதது. வழி தெரியாம போனது நீங்க. பழி அதும்மேலயா?"

நன்றாகத்தான் பேசினாள். எனக்காக அவள் பேசியதில் அதுதான் சிறந்தது என்பேன். அந்த வரன் அன்றோடு முடிந்தது.

முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகும் என்று நினைத்தேன். ஆனால் அக்கா வேலை முடிந்து தாமதமாக வர ஆரம்பித்தாள். ஜான்சி அம்மா சர்க்கரை பார்ப்பதற்கு அக்காவிடமே வந்தார். கூட்டி வருவது சார்லஸ். ஒரு மனுஷிக்கு இவ்வளவு அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டியதில்லை. விஷயம் தெரிந்தபோது வீட்டில் பெரிய சண்டை. வேறு மதம், ஜாதகம் கிடையாது, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அம்மா பட்டினி கிடந்தாள். கடைசியில் கண்ணாயிரம் மாமாதான் கேட்டார்.

"அக்கா, அன்னிக்கிப் பூரா அந்தப் பையன் பின்னாடி நடந்தது யாரு? நடை நல்லா இருக்குது, கொணம் நல்லா இருக்குதுன்னு மார்க்கு போட்டது யாரு? அந்தம்மா கால்ல முள்ளு எடுத்தது யாரு? மாமாவே குடும்பத்துக்கு ஆவுற பையன்னாரு. இப்ப பேரு மட்டுந்தான மாறியிருக்குது."

அம்மாவால் போட்ட மார்க்கைத் திருப்பி எடுக்க முடியவில்லை. போன மாசம் கடலூரில் பதிவுத் திருமணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து போட என்னைக் கூப்பிட்டார்கள். நான் பேச வேண்டியதில்லை என்பதால் போனேன்.

நேற்று அக்கா மிச்சமிருந்த துணிமணியை எடுத்துப்போக வந்தாள். சார்லஸ் கீழே பைக்கில் காத்திருந்தார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தாள். "அன்னிக்கி அந்தத் தப்பு நடக்கலன்னா எங் கதி என்னாடி ஆயிருக்கும்," என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அது சரியான நேரமாகப் பட்டது. அது தானாக நடந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. அதனால் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை.

நீலச் சட்டையைச் சொன்னேன். பலகையைச் சொன்னேன். கயிற்றைச் சொன்னேன். ஆரம்பித்துவிட்டால் முழுசாகச் சொல்வதுதான் முறை என்று முன்னால் வந்த வரன்களையும் சொன்னேன். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அப்பாவின் போனிலிருந்து ஒரே செய்திதான் அனுப்பினேன்: 'பெண்ணுக்கு ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நேரில் சொல்கிறோம்.' என்ன விஷயம் என்று எழுதவில்லை. இல்லாததை எழுதினால் பொய்யாகிவிடும். யாரும் நேரில் வந்து கேட்கவில்லை. அவர்களுக்கு அக்கா மேல் அவ்வளவுதான் அக்கறை.

"நெய்வேலிக்காரங்களுக்குமா?" என்று அக்கா கேட்டாள். நெய்வேலி வரன் போனபோது அவள் நாலு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, என்னிடம் என்னடி குறை என்று என்னைத்தான் கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரிந்திருந்தும், பேச வரவில்லை.

"அவுங்களுக்கும்தான்," என்றேன். "நீ போயிட்டா எனக்கு யாருக்கா பேசுவாங்க? எல்லாம் நம்ம ரெண்டு பேரு நல்லதுக்குத்தான். இப்பப் பாரு, நல்லதாத்தான முடிஞ்சுது."

அவள் என் தலையிலிருந்து கையை எடுத்தாள். அந்த எலுமிச்சம்பழ விளக்குகளையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல செய்தி உள்ளே இறங்க நேரமாகும் என்று நானும் காத்திருந்தேன். இனிமேல் வாரம் ஒருமுறையாவது வந்து எனக்காகத் தையல்கடைக்குப் போய் வர வேண்டும் என்று கேட்டேன். ஜாக்கெட்டில் கை மறுபடியும் இறுக்கமாக இருக்கிறது.

அக்கா எழுந்தாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அடுப்படியிலிருந்து அம்மா, காபி குடிச்சிட்டுப் போடி என்றாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள். சந்தோஷம் ரொம்ப அதிகமானால் அவளுக்கும் பேச்சு வராது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.